உராய்வையும் ஆற்றலையும் வைத்து நிஜம் எது என்று சொல்லிவிட முடியுமா?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். நண்பர் ஒருவர் உங்களிடம் வாதாடுகிறார்: எது நம்மைத் தடுக்கிறதோ, எது உரசுகிறதோ அதுதான் நிஜம், கல், மேசை, உடம்பு எல்லாமே அடியில் ஆற்றல்தான், ஆகவே நிஜம் என்றால் என்ன என்பதற்கு இயற்பியலே இலக்கணம் கொடுத்துவிட்டது, தத்துவக்காரர்களுக்கு இனி வேலை இல்லை. இது எவ்வளவு தூரம் சரி என்று கேட்கிறீர்கள்.

இலக்கணம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டுமே தேறாது. ஆனால் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்போது வைத்துப் பார்க்கும் சோதனை என்று எடுத்துக்கொண்டால் இரண்டுமே தேறும். அதிலும் ஆற்றலைவிட உராய்வுக்கு நான் ஒரு மார்க் கூடவே போடுவேன். இயற்பியலில் நாற்பது வருடம் இழுத்த ஒரு சண்டையை உண்மையிலேயே உராய்வை வைத்துத்தான் தீர்த்தார்கள். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் நண்பர் சொல்வதை 130 வருடத்துக்கு முன்பே, அவரைவிட நன்றாகச் சொன்ன ஒருவரைப் பார்த்துவிடலாம்.

வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட், ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். லேசான ஆள் இல்லை. பின்னாளில், 1909-இல், வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1895 செப்டம்பரில் லூபெக் நகரில் ஜெர்மன் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கூடிய மாநாட்டில் அவர் எழுந்து, பருப்பொருள் என்று தனியாக ஒன்று கிடையாது, இருப்பது ஆற்றல் மட்டுமே என்று அறிவித்தார். அணு என்பதெல்லாம் யாரும் பார்க்காத கற்பனை, அதை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் ஒரு தடியைக் காட்டினார். ஒருவர் உங்களைத் தடியால் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வலிப்பது தடியா, தடியின் ஆற்றலா? ஆற்றல்தான், ஏனென்றால் வீசாமல் வைத்திருக்கும் வரை தடியைப் போல அப்பாவியான பொருள் உலகத்திலேயே இல்லை. சரி, சும்மா கிடக்கும் தடியில் நாம் போய் இடித்துக்கொள்கிறோமே? அப்போதும் நமக்குத் தெரிவது நம் உடம்புக்கும் தடிக்கும் இடையிலான ஆற்றல் நிலையின் வித்தியாசம்தான் என்று அதையும் அடைத்துவிட்டார்.

இதற்கு முன்னோடியான வாதம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. பொருள்கள் எல்லாம் மனத்தில் மட்டுமே இருப்பவை என்று எழுதிய பிஷப் பெர்க்லியை எப்படி மறுப்பது என்ற பேச்சு 1763-இல் வந்தபோது, சாமுவேல் ஜான்சன் பக்கத்தில் கிடந்த பெரிய கல்லை ஓங்கி உதைத்து, இப்படித்தான் மறுக்கிறேன் என்றாராம். ஜான்சனுக்குக் கல் நிஜம், ஏனென்றால் அது தடுக்கிறது. ஓஸ்ட்வால்டோ தடுப்பதைத்தான் உணர்கிறோம், கல்லை அல்ல என்கிறார். ஒரே உதையிலிருந்து இரண்டு எதிரெதிர் முடிவுகள். தடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எது இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

லூபெக்கில் ஓஸ்ட்வால்டை எதிர்த்து நின்றவர், அணுக்கள் உண்டு என்று வாதாடிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மான். இருவரும் நண்பர்கள்தான், போல்ட்ஸ்மானைப் பிறகு லைப்சிக்குக் கூட்டிவந்ததே ஓஸ்ட்வால்ட். ஆனால் அன்று விட்டுக்கொடுக்கவில்லை. இளைஞராக அங்கே இருந்த இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட், அந்த விவாதம் காளைக்கும் காளையை அடக்க வருகிறவனுக்கும் நடந்த சண்டை போல இருந்தது, இந்தத் தடவை காளை ஜெயித்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். காளை போல்ட்ஸ்மான்.

மாக்ஸ் பிளாங்கும் அப்போது ஆற்றல்வாதிகளுக்கு எதிர்க்கட்சி. அவருடைய ஆட்சேபம் கூர்மையானது, நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. உயரத்திலிருந்து எடை விழுவதும், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் போவதும் ஒரே மாதிரியான ஆற்றல் இறக்கம் என்றார்கள் ஆற்றல்வாதிகள். எப்படி ஒன்றாகும் என்றார் பிளாங்க். ஊசல் குண்டு கீழே வந்து மறுபக்கம் மேலே ஏறிவிடும். ஆறிப்போன காபி தானாகத் திரும்பச் சூடாகாது. ஆற்றலின் மொத்த அளவை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. ஊசலை மெதுவாக நிறுத்துவதும் காபி விஷயத்தோடு சேர்ந்ததுதான்; காற்றின் உராய்வு அதன் அசைவை வெப்பமாக்கிவிடுகிறது, அந்த வெப்பம் திரும்பி வந்து ஊசலை ஆட்டுவதில்லை.

அப்புறம் ஓஸ்ட்வால்டைத் தோற்கடித்தது எது தெரியுமா? உராய்வுதான். தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள் நிற்காமல் துடித்துக்கொண்டே இருப்பதைத் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827-இல் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். துகளுக்கு உயிர் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கல்லை அரைத்த பொடியும் அப்படியே துடிக்கும். 1905-இல் ஐன்ஸ்டைன் கேட்டது எளிய கேள்வி. தண்ணீர் அந்தத் துகளை உரசி நிறுத்தப் பார்க்கிறது. அப்படியானால் துகள் எப்போதோ நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதற்கு யாரோ தொடர்ந்து உதை கொடுக்கிறார்கள். உரசி நிறுத்துவதும் உதைத்து ஓட்டுவதும் ஒரே தண்ணீர் மூலக்கூறுகள்தான் என்று எடுத்துக்கொண்டால், உராய்வு எவ்வளவு என்று அளந்தும், துகள் எவ்வளவு தூரம் அலைகிறது என்று அளந்தும், மூலக்கூறுகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துகள் ஒரு நிமிடத்தில் சராசரியாக ஆறு மைக்ரோமீட்டர் நகர வேண்டும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். பாரிஸில் ழான் பெரான் மஞ்சள் நிற மரப்பிசினை நுண்ணிய உருண்டைகளாக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, நகர்வதைக் குறித்துக் குறித்து அளந்தார். கணக்கு பொருந்தியது. 1908 இறுதியில் ஓஸ்ட்வால்ட் தன் பாடநூலின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அணுக்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். போல்ட்ஸ்மான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1906-இல் போய்விட்டார்.

தோற்றாலும் மனுஷன் ஆற்றலை விடவில்லை. குரோஸ்போதனில் இருந்த தன் வீட்டுக்கே ‘எனர்ஜி’ என்று பெயர் வைத்திருந்தார். மனமுவந்து செலவிடும் ஆற்றலின் வர்க்கத்திலிருந்து வேண்டாவெறுப்பாகச் செலவிடும் ஆற்றலின் வர்க்கத்தைக் கழித்தால் சந்தோஷத்தின் அளவு வரும் என்று ஒரு சூத்திரம்கூட எழுதி வைத்திருக்கிறார். பெரிய மூளைகளும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்தச் சூத்திரத்தை மாணவர்களுக்குக் காட்டலாம்.

ஆற்றலை நிஜத்தின் இலக்கணமாக ஏன் வைக்க முடியாது என்பதற்கு ஓஸ்ட்வால்டின் கதை மட்டும் போதாது; E=mc² வந்த பிறகு அவர் சொன்னது ஒரு வகையில் சரியாகிவிடவில்லையா என்று உங்கள் நண்பர் கேட்பார். ஆகவே ஆற்றல் என்ன மாதிரியான விஷயம் என்று பார்த்துவிடலாம். அது ஒரு பொருள் அல்ல, கணக்குப் பேரேட்டில் உள்ள ஒரு தொகை. அசைவு என்ற பத்தியில் குறைந்தால் வெப்பம், உயரம், மின்சாரம் என்று வேறு ஏதோ ஒரு பத்தியில் அதே அளவு ஏறும், மொத்தம் மாறாது. ஏன் மாறாது என்பதற்கான ஆழமான காரணத்தை 1918-இல் எம்மி நோதர் என்ற கணித மேதை காட்டினார்: இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருப்பதால்தான் இந்தத் தொகை மாறாமல் இருக்கிறது. விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் முழுவதுக்கும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த ஒருமைப்பாடு கிடைப்பதில்லை. அங்கே மொத்த ஆற்றல் என்று ஒரு தொகையைச் சொல்வதே சிக்கலாகிவிடுகிறது. தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் சிவந்து ஆற்றல் குறைந்து வந்து சேர்கிறது. அது எந்தப் பத்தியில் ஏறியது என்று கேட்டால் எல்லோரும் ஏற்கும் எளிய விடை கிடையாது. பிரபஞ்ச அளவில் நன்றாக வரையறுக்கவே முடியாத ஒன்றை, பிரபஞ்சம் எதனால் ஆனது என்பதற்கு விடையாக வைப்பது எப்படி?

அவ்வளவு தூரம் போக வேண்டாம், ரயிலிலேயே பார்த்துவிடலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தூங்குகிறார். தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்பவரைக் கேட்டால் அவருடைய இயக்க ஆற்றல் 18,750 ஜூல். எதிர் சீட்டுக்காரரைக் கேட்டால் பூஜ்யம். சூரியனிலிருந்து பார்க்கிறவர் பூமியின் வேகமான நொடிக்கு 30 கிலோமீட்டரைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் சுமார் 2,700 கோடி ஜூல். மூவர் சொல்வதும் சரி. பார்க்கிற ஆளுக்கு ஆள் மாறும் எண்ணை நிஜத்தின் அளவுகோல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார். பழைய பெட்டிகளில் சக்கரத்தின் விளிம்பில் வந்து அழுத்தும் பிரேக் கட்டை உண்டு. பெரிய ஸ்டேஷனில் வண்டி நின்றதும் கருகிய வாடை வருமே, அது இங்கிருந்துதான். கட்டை சூடாகிவிட்டது. தரையில் நிற்பவருக்கு விளக்கம் சுலபம்: வண்டியின் அசைவு போய் வெப்பம் வந்தது. ஆனால் பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில், பிரேக் போடாமல் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு ரயிலிலிருந்து இதைப் பாருங்கள். அவருக்கு முதல் ரயில் முதலில் அசையாமல் பக்கத்திலேயே இருந்தது, பிரேக் போட்டதும் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. அதாவது அதன் இயக்க ஆற்றல் ஏறியிருக்கிறது, இறங்கவில்லை! அப்படியானால் கட்டையைச் சூடாக்கியது எது? அவர் பார்வையில் பூமிதான் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தின் வழியாக அது ரயிலைப் பிடித்து இழுத்ததில் தன் ஆற்றலில் இரண்டு பங்கை இழந்தது. ஒரு பங்கு ரயிலின் புதிய அசைவுக்குப் போனது, ஒரு பங்கு பிரேக் கட்டையில் வெப்பமானது. கணக்கு எழுதும் விதம் தலைகீழ். ஆனால் கட்டையின் சூடு? இரண்டு பேருக்கும் ஒரே அளவு. உராய்வில் பிறக்கும் வெப்பம் உரசுகிற இரண்டு பரப்புகளின் ஒப்பு நகர்வை மட்டும் பொறுத்தது. பார்க்கிறவர் எவ்வளவு வேகத்தில் போகிறார் என்பது அதற்குப் பொருட்டில்லை.

உராய்வுக்கு ஒரு மார்க் கூட என்று சொன்னது இதற்காகத்தான். இயக்க ஆற்றல் எவ்வளவு என்பதில் பார்வையாளர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். சூடாயிற்றா இல்லையா என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். அதோடு அந்தச் சூடு திரும்பி வராது. வண்டியின் ஒழுங்கான அசைவு இரும்பில் உள்ள கோடானுகோடி அணுக்களின் ஒழுங்கற்ற துடிப்பாகச் சிதறிவிட்டது, அதைத் திரும்பப் பொறுக்கிச் சேர்க்க வழியில்லை. நடந்தது நடந்ததுதான் என்பதற்கு அழியாத சாட்சி.

சொல்லப்போனால் ஆற்றல் கணக்கே உராய்வால்தான் ஒழுங்குக்கு வந்தது. தீக்கடைகோல் காலத்திலிருந்தே கடைந்தால் சூடு வரும் என்று மனிதர்களுக்குத் தெரியும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் வெப்பம் என்பது கலோரிக் என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று நம்பினார்கள். லவாசியே 1789-இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனோடு அதுவும் இருக்கிறது. மியூனிக்கில் பீரங்கித் தொழிற்சாலையை மேற்பார்வை பார்த்த ரம்ஃபோர்டு, துளை போடும்போது பித்தளை எக்கச்சக்கமாகச் சூடாவதைக் கவனித்தார். வேண்டுமென்றே மழுங்கிய துளைப்பானைப் பொருத்தி, பீரங்கிக் குழாயின் முனையைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, குதிரையை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், தண்ணீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள் என்று அவரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். குதிரை சுற்றும் வரை சூடு வந்துகொண்டே இருக்கும், தீரவே தீராது. தீராத ஒன்று எப்படிப் பொருளாக இருக்க முடியும் என்பது 1798-இல் அவர் எழுப்பிய கேள்வி. (கலோரிக்கைப் பட்டியலில் சேர்த்த லவாசியேயின் விதவை மனைவியைத்தான் அவர் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் குடும்ப வாழ்க்கையிலும் சூட்டுக்குக் குறைவில்லை, சீக்கிரமே பிரிந்துவிட்டார்கள்.) ஐம்பது வருடம் கழித்து ஜூல், தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு, உராய்வில் எவ்வளவு அசைவுக்கு எவ்வளவு வெப்பம் என்று துல்லியமாக அளந்து கொடுத்தார். அதுவரை உராய்வு இருக்கும் இடமெல்லாம் கணக்கில் துண்டு விழுந்துகொண்டிருந்தது. வெப்பம் என்ற பத்தியைச் சேர்த்ததும் பேரேடு நேரானது.

பேரேடு நேரானதும் அதை வைத்தே புதிய பொருள்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. கதிரியக்கத்தின் பீட்டா சிதைவில் வெளியே வரும் எலக்ட்ரானின் ஆற்றலைக் கூட்டினால் துண்டு விழுந்தது. ஆற்றல் அழியாமை அங்கே பொய்த்துப்போகலாம் என்று இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கே தோன்றியது. பவுலி மட்டும், கண்ணுக்குச் சிக்காத ஒரு துகள் மீதியை எடுத்துக்கொண்டு ஓடுகிறது என்று 1930 டிசம்பரில் ஓர் இயற்பியலாளர் கூட்டத்துக்கு அனுப்பிய கடிதத்தில் எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு அவர் நேரில் போகவில்லை. சூரிக்கில் ஒரு நடன விருந்து இருந்ததாம். அதுதான் நியூட்ரினோ. 1956-இல் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் ரெய்னஸும் கோவனும் அதைப் பிடித்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் 1965-இல் முதலில் சிக்கிய இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கச் சுரங்கம், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. (இப்போது நம் ஊரில் நியூட்ரினோ என்றால் தேனி பொட்டிப்புரம் தகராறுதான் ஞாபகத்துக்கு வரும். கோலாரும் நினைவில் இருக்கட்டும்.) உங்கள் நண்பரின் இலக்கணப்படி பார்த்தால் நியூட்ரினோ நிஜமே இல்லை. உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்குச் சூரியனிலிருந்து பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் உரசாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

இனி முதலில் சொன்ன அந்த நாற்பது வருடச் சண்டைக்கு வருவோம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், நிறைகள் வேகமாகச் சுழலும்போது வெளியே அலைகள் பரவும் என்றது. ஆனால் அவை நிஜமா? கேள்வி விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நியாயமானது. அந்தக் கோட்பாட்டில் இடத்தையும் காலத்தையும் எந்த ஆயங்களை, அதாவது எந்த அளவுக் கோடுகளை, வைத்து அளப்பது என்பது நம் இஷ்டம். ஆயங்களை நெளித்தால் ஒன்றுமில்லாத இடத்திலும் காகிதத்தில் அலை தெரியும். வானியலாளர் எடிங்டன் 1922-இல் அப்படிப்பட்ட சில அலைகளைக் கேலி செய்து, இவை எண்ணத்தின் வேகத்தில் பயணிக்கின்றன என்றார். அதாவது எழுதுகிறவரின் எண்ணத்தைத் தவிர அவற்றுக்கு வேறு இருப்பு இல்லை. ஐன்ஸ்டைனுக்கே சந்தேகம் வந்தது. 1936-இல் ரோசனோடு சேர்ந்து ஈர்ப்பு அலைகள் கிடையாது என்ற முடிவோடு ஒரு கட்டுரை எழுதி அமெரிக்க ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அதைப் படித்த மதிப்பீட்டாளர் தவறு இருக்கிறது என்று எழுதினார். யாரைக் கேட்டு இதை வெளியாளிடம் காட்டினீர்கள் என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு இதழில் வந்தபோது முடிவை மாற்றியிருந்தார்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. ஈர்ப்பு அலையின் ஆற்றலை இந்த இடத்தில் இவ்வளவு என்று குறிக்க முடிவதில்லை. பொதுச் சார்பியலில் ஈர்ப்பின் ஆற்றலுக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. ஆற்றலைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் அலை நிஜம் என்று எப்படிச் சொல்வது? 1957 ஜனவரியில் அமெரிக்காவில் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் ஈர்ப்பு பற்றி ஒரு மாநாடு நடந்தது. அங்கே இயற்பியலாளர் ஃபைன்மன் சொன்ன யோசனை இது.

ஒரு நேரான குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மணிகளைக் கோத்துவிடுங்கள். மணிகள் நகரலாம், ஆனால் வழுவழுவென்று இல்லை. குச்சி கொஞ்சம் சொரசொரப்பு. இப்போது ஈர்ப்பு அலை குறுக்கே கடந்து போகிறது. அலை வரும்போது இரண்டு மணிகளுக்கு இடையிலான தூரம் மாறி மாறிக் கூடிக் குறையும். குச்சியின் நீளமோ அப்படி மாறாது, ஏனென்றால் அதன் அணுக்கள் ஒன்றையொன்று மின்விசையால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆக மணிகள் குச்சியின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும். சொரசொரப்பு இருப்பதால் உரசும். உரசினால் சூடாகும். குச்சியில் ஒரு வெப்பமானியை வைத்தால் ஏறியிருக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அலையிலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும்.

அவ்வளவுதான். ஆயங்களை எப்படி வேண்டுமானாலும் நெளித்துக்கொள்ளுங்கள், குச்சி சூடாயிற்றா இல்லையா என்பது மாறாது. பிரேக் கட்டையில் பார்த்தோமே, அதே நியாயம். ஆற்றல் எங்கே இருக்கிறது என்று சுட்ட முடியாமல் திணறியவர்களுக்கு, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று உராய்வு காட்டிக்கொடுத்தது. ஹெர்மன் போண்டி என்ற இயற்பியலாளர் இதை விரித்து அதே வருடம் வெளியிட்டார். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜோசப் வெபர் ஊருக்குப் போய் அலைகளைப் பிடிக்க அலுமினிய உருளைகளைத் தயார் செய்யத் தொடங்கினார். அவர் பிடித்ததாகச் சொன்னதை மற்றவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை என்றாலும், தேடுவதற்கு ஒரு நிஜப் பொருள் இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்துவிட்டது. 1974-இல் ஹல்ஸும் டெய்லரும் கண்ட இரட்டை நட்சத்திரம் வருடத்துக்குச் சுமார் 76 மைக்ரோவினாடி வீதம் சுற்றுக்காலம் குறைந்துகொண்டு வந்தது. அலையாகப் போக வேண்டிய ஆற்றலும் குறைந்த ஆற்றலும் பொருந்தின. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவியின் நான்கு கிலோமீட்டர் கைகள் புரோட்டானின் குறுக்களவில் சில நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நெளிந்தது பதிவானது.

ஆகவே உராய்வு என்ற சோதனை வலுவானது. அதற்காக ‘உராய்வு இருந்தால்தான் நிஜம்’ என்று திருப்பிப் போட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தச் சுருளைப் பாருங்கள். திரவ ஹீலியத்தில் குளிர்ந்திருக்கும் அந்த மீக்கடத்திக் கம்பியில் ஒரு தடவை ஏற்றிய மின்னோட்டம், வெளியிலிருந்து மின்சாரமே கொடுக்காமல், தடையின்றி வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே உராய்வுக்குச் சமமான மின்தடை பூஜ்யம். மின்னோட்டம் நிஜமில்லை என்று யாராவது சொன்னால், இரும்பு ஸ்டூலை அந்த அறைக்குள் எடுத்துப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம், நிஜமாகவே செய்துவிடப் போகிறார்கள்.

இன்னொரு கோடியில் ஈ.கோலை போன்ற பாக்டீரியா இருக்கிறது. அது வாலைச் சுழற்றி நீந்துகிறது. சுழற்றுவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் சறுக்கிப் போகும் என்று பர்செல் என்ற இயற்பியலாளர் 1977-இல் கணக்குப் போட்டார்: ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான், நின்றுவிடும். தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும் என்ற அரிஸ்டாட்டிலின் விதி பாக்டீரியாவுக்கு அப்படியே சரி. கலிலியோ கண்ட நிலைமம் அதன் அனுபவத்தில் இல்லவே இல்லை. பாக்டீரியா ஒரு தத்துவம் எழுதினால் உராய்வே பிரபஞ்சத்தின் சாரம் என்றுதான் எழுதும். விண்வெளியில் சுற்றும் கோள் எழுதினால் அந்தச் சொல்லே வராது.

உராய்வு அடிப்படை விசைகளில் ஒன்றும் அல்ல. இரண்டு பரப்புகள் தொடும்போது உண்மையில் சில மேடுகள் மட்டுமே தொடுகின்றன, அங்கே அணுக்கள் மின்விசையால் ஒட்டிக்கொண்டு பிய்கின்றன. அதனால் உராய்வு பொய் என்று ஆகிவிடாது. வெப்பநிலையும் அப்படிப்பட்டதுதான், தனி அணுவுக்குக் காய்ச்சல் கிடையாது. இதை நீட்ட விரும்பவில்லை. அதே போல, ‘உங்க எனர்ஜி சரியில்லை’, ‘இந்த வீட்டு வைப்ரேஷன் நல்லா இருக்கு’ என்று பேசுவதை உங்கள் நண்பர் இதோடு சேர்த்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். எத்தனை ஜூல், எந்தப் பத்தியிலிருந்து வந்தது, எதைச் சூடாக்கியது என்று சொல்ல முடியாத எனர்ஜிக்கு இந்தப் பேரேட்டில் இடமில்லை. பேசக் கூடாது என்று சொல்லவில்லை, இயற்பியலின் பெயரில் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் நண்பரிடம் கடைசியாக ஒன்றைக் கேட்கலாம்: ஒளி விடாமல், ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளை (dark matter) என்ன செய்வது? புல்லட் கொத்து என்று ஒரு விண்மீன் மண்டலக் கூட்டம் இருக்கிறது. இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவி மோதிக் கடந்துபோன மிச்சம் அது. நம் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி அதைப் படம் பிடித்தது. இரண்டு பக்கத்து வாயுவும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, வேகம் குறைந்து, கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி நடுவில் தங்கிவிட்டது. பின்னாலிருக்கும் மண்டலங்களின் ஒளி எங்கே அதிகம் வளைகிறது என்று 2006-இல் அளந்து பார்த்தபோது, நிறையின் பெரும்பகுதி வாயு இருக்கும் இடத்தில் இல்லை. அது எந்த உரசலும் இல்லாமல் இரண்டு பக்கமும் தாண்டிப் போய்விட்டிருந்தது. பெரும்பாலான இயற்பியலாளர்கள் அதை நிஜம் என்று ஏற்கிறார்கள், காரணம் ஈர்ப்பு மட்டும்தான். ஈர்ப்பு விதியையே திருத்தினால் போதும், கரும்பொருள் வேண்டாம் என்று வாதாடும் சிறுபான்மையும் இன்னும் இருக்கிறது. இந்தக் கொத்தை விளக்குவது அவர்களுக்குத்தான் கஷ்டம். இதற்கிடையே அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்குள், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், ஏழு டன் திரவ செனானை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கரும்பொருள் துகள் ஒன்று ஒரு செனான் அணுக்கருவை இலேசாக இடித்தால் போதும், சின்ன ஒளி மினுக்கும். இதுவரை அப்படி ஒன்றும் உறுதியாகவில்லை. நிஜமா என்ற கேள்விக்கு அங்கே இன்னும் முடிவு எழுதப்படவில்லை, ஆனால் என்ன நடந்தால் முடிவு எழுதுவார்கள் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது.